கதவுக்குக் கூலி

ஃபிலிப் கே. டிக் என்ற அமெரிக்கர் 1969-இல் வெளியிட்ட 'யூபிக்' நாவலில் ஒரு கதவு வருகிறது. ஜோ சிப் என்பவன் குடியிருக்கும் வீட்டின் கதவு. வெளியே போக வேண்டுமென்றால் ஐந்து சென்ட் நாணயம் போட வேண்டும். போடாவிட்டால் திறக்காது, வாய்விட்டுக் கேட்கும். ஜோ சிப்பிடம் சில்லறை இல்லை. நாளைக்குத் தருகிறேன் என்கிறான். கதவு மசியவில்லை. உனக்குக் கொடுப்பதெல்லாம் இனாம்தானே, கட்டாயமா என்ன என்று வாதாடுகிறான். வீடு வாங்கியபோது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பார் என்கிறது கதவு. பார்க்கிறான். கதவு சொன்னதுதான் சரி. கத்தியை எடுத்துத் தாழ்ப்பாளின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்ததும், வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறது.

இளவயதில் அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது அதே பக்கத்தைப் புரட்டினால் வேறொன்று தோன்றுகிறது. டிக் ரொம்ப நல்ல மனிதர். மனிதகுலத்தின் மேல் அளவுகடந்த நம்பிக்கை வைத்திருந்திருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கதவு காசை வாங்கிக்கொண்டு திறந்துவிடுகிறது. அவ்வளவுதான். ஜோ சிப்பின் பிறந்த தேதியையோ செல்போன் எண்ணையோ கேட்பதில்லை. ஓடிபி அனுப்பி, அது வந்து சேருமுன்பே காலாவதியாக்குவதில்லை. எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்று குறித்துவைத்துச் செருப்புக் கம்பெனிக்கு விற்பதில்லை. திறந்தபிறகு, 'இந்தத் திறப்பு அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்று பின்னாலேயே ஓடிவருவதில்லை. 'கதவு பிளஸ்' சந்தா எடுத்தால் ஜன்னலும் திறக்கும் என்று ஆசை காட்டுவதில்லை. நடுராத்திரியில் தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டு, விடிந்ததும் கைப்பிடியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றி, 'உங்களுக்காகவே மேம்படுத்தினோம்' என்று பல்லிளிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைச் செய்த கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கி, 'கதவுச் சேவையை இம்மாதக் கடைசியோடு நிறுத்திக்கொள்கிறோம், இதுவரை எங்களோடு பயணித்ததற்கு நன்றி' என்று மின்னஞ்சல் அனுப்புவதில்லை. ஐந்து காசு போட்டால் வழி. பொற்காலம்!

கடைசியாகச் சொன்னது கற்பனையில்லை. ரிவால்வ் என்றொரு பெட்டி இருந்தது. வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்குவதற்கு. விலை 300 டாலர், 'ஆயுட்காலச் சேவை' இலவசம் என்று விற்றார்கள். கூகுள் குடும்பத்தைச் சேர்ந்த நெஸ்ட் அந்தக் கம்பெனியை 2014-இல் வாங்கியது; 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. பெட்டி பழுதாகவில்லை, கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. ஆனால் செத்துப்போயிற்று. ஆயுட்காலம் என்றால் யாருடைய ஆயுள் என்று வாங்கியவர்கள் கேட்டுவைத்திருக்க வேண்டும்.

பிஎம்டபிள்யூ காரில் இருக்கையைச் சூடாக்கும் வசதி உண்டு. 2022-இல் தென்கொரியாவில் அதற்கு மாதம் 18 டாலர் சந்தா போட்டார்கள். சூடாக்கும் கம்பி ஏற்கெனவே இருக்கைக்கு அடியில் இருக்கிறது. கார் உங்களுடையது, கம்பி உங்கள் காரில் இருக்கிறது, அந்தக் கம்பியின் எடையைச் சுமக்க எரியும் பெட்ரோலும் உங்களுடையது. சூடு மட்டும் அவர்களுடையது. உலகம் முழுவதும் காறித் துப்பியபிறகு, அடுத்த ஆண்டு பின்வாங்கினார்கள். தப்பு என்று தெரிந்து பின்வாங்கினார்களா, அவசரப்பட்டுவிட்டோம் என்று பின்வாங்கினார்களா? அவர்கள் கைவிட்டது இருக்கையை மட்டும்தான், சந்தாவை இல்லை. காரில் சந்தா போட வேறு இடமா இல்லை?

ஹெச்.பி. பிரிண்டர் கதையை நம் ஊர் ஜெராக்ஸ் கடைக்காரர்களைக் கேட்டால் என்னைவிடக் காரசாரமாகச் சொல்வார்கள். வேறு கம்பெனி மை போட்டால், 'அங்கீகரிக்கப்படாத மை' என்று இயந்திரம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மைச் சந்தாவை நிறுத்தினால், ஏற்கெனவே வீட்டுக்கு வந்த குப்பியில் மை நிரம்பித் தளும்பினாலும் ஒரு பக்கம்கூட வராது. நிறுவனத்தின் அப்போதைய தலைமை அதிகாரி என்ரிக் லோரெஸ் 2024 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: அச்சடிப்பதையே சந்தாவாக்குவதுதான் நீண்டகால நோக்கம், கம்பெனியின் மையைப் பயன்படுத்தாத வாடிக்கையாளர் மோசமான முதலீடு. கவனியுங்கள். நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். ஆனால் முதலீடு நாம்தான். சந்தையில் மாட்டை விலைபேசுகிறவன்கூட மாட்டின் காதில் விழாதபடி துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவான்.

இவையெல்லாம் சில்லறை. போலந்தில் நடந்ததைக் கேளுங்கள்.

நியூவாக் என்பது அங்கே ரயில் செய்யும் கம்பெனி. அதன் 'இம்பல்ஸ்' ரயில்களைக் கீழ் சைலீசியப் பகுதி ரயில்வே வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகள் ஓடிய பிறகு பெரிய பராமரிப்புக்கு டெண்டர் விட்டார்கள். நியூவாக்கைவிடக் குறைந்த விலை சொன்ன வேறொரு பட்டறைக்கு வேலை போயிற்று. பட்டறைக்காரர்கள் ரயிலைப் பிரித்தார்கள், கையேட்டின்படி எல்லாம் செய்தார்கள், மறுபடி பூட்டினார்கள். ரயில் நகரவில்லை. மின்சாரம் வருகிறது, கணினி எல்லாம் சரி என்கிறது, சக்கரம் மட்டும் சுற்ற மாட்டேன் என்கிறது. ஒரு ரயில் இல்லை, அடுத்தடுத்து வந்த ரயில்களும் அப்படியே. என்ன செய்வதென்று தெரியாமல் 'டிராகன் செக்டர்' என்ற ஹேக்கர் குழுவைச் சேர்ந்த சிலரைக் கூப்பிட்டார்கள்.

அவர்கள் ரயிலின் கணினிக்குள் இருந்த மென்பொருளைக் குடைந்து பார்த்துவிட்டு, கண்டதை 2023 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த மாநாட்டில் எல்லோர் முன்னாலும் விளக்கினார்கள். அந்த மென்பொருளில் சில இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எழுதப்பட்டிருந்தன. எந்த இடங்கள்? போட்டிப் பட்டறைகள் இருக்கும் இடங்கள். ரயில் அங்கே குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் நின்றால் தன்னைத்தானே பூட்டிக்கொள்ள வேண்டும். சில உறுப்புகளை மாற்றினாலும் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டைத் திறக்க ஓட்டுநர் அறையின் பொத்தான்களை ஒரு ரகசிய வரிசையில் அழுத்த வேண்டும். சிறுவர்களின் வீடியோ கேமில் கூடுதல் உயிர் வாங்குவதற்கு இருக்குமே, அதே ரகம்.

இதை ஓர் அறிவியல் புனைகதையாக எழுதி எந்தப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தாலும் ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். ரயில் எந்த ஊரில் நிற்கிறது என்று பார்த்து ரோஷப்படுமா? கொஞ்சம் நம்பும்படி எழுதக்கூடாதா?

நியூவாக் இதையெல்லாம் மறுத்தது. நாங்கள் வைக்கவில்லை, வேறு யாரோ புகுத்தியிருக்க வேண்டும் என்றது. பிறகு அந்த ஹேக்கர்கள் மீதே வழக்குத் தொடுத்தது. டிக்கின் கதவு மிரட்டியதோடு நிறுத்திக்கொண்டது. நிஜ உலகத்தில் கம்பெனிக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒருவர் எழுந்து, 'தொழில்நுட்ப முதலாளிகள் இலக்கியம் படிக்காதவர்கள், அதனால்தான் இப்படி' என்று சொல்வார். இல்லை ஐயா. அவர்கள் படிக்கிறார்கள். உட்கார்ந்து, கோடு போட்டுப் படிக்கிறார்கள். கொடுமையே அதுதான்.

டோல்கீன் கதையில் 'பாலன்டீர்' என்ற கல் வரும். தொலைதூரத்தில் நடப்பதைக் காட்டும் கல். அதில் ஒன்று தீயவன் கையில் சிக்கியதால், அதை உற்றுப் பார்த்த அறிஞன் சாருமான் விலைபோனான். டெனதோர் என்ற காவலன் நம்பிக்கை இழந்து தீயில் விழுந்தான். கண்காணிப்புக் கருவியின் மேல் மோகம் கொண்டவனின் கதி என்ன என்று அந்தக் கிழவர் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. பீட்டர் தீல் கூட்டத்தார் 2003-இல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். உளவுத்துறைக்கும் ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் தகவல்களைக் கோத்துக் கொடுக்கும் கம்பெனி. என்ன பெயர் வைத்தார்கள்? பாலன்டீர். பிள்ளைக்குச் சகுனி என்று பெயர் வைத்துவிட்டு, 'நல்ல மூளைக்காரன் பெயர்' என்று பெருமைப்படுகிற தகப்பனை என்ன சொல்வது?

நீல் ஸ்டீபன்சன் 1992-இல் 'ஸ்னோ கிராஷ்' எழுதினார். மெட்டாவெர்ஸ் என்ற கணினிக் கற்பனை உலகம் அங்கிருந்து வந்ததுதான். அந்த நாவலின் நாயகன் எங்கே குடியிருக்கிறான் தெரியுமா? சாமான் போட்டுவைக்கும் வாடகைக் கிடங்கில். மாஃபியாவுக்காக பீட்ஸா கொண்டுபோய்க் கொடுக்கிறான். அமெரிக்க அரசாங்கம் துண்டுதுண்டாக விற்கப்பட்டு, தெருவுக்குத் தெரு கம்பெனி ராஜ்ஜியம். வெளியே வாழ வழியில்லாததால்தான் ஆட்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். ஃபேஸ்புக்காரர் இதிலிருந்து எடுத்துக்கொண்டது கண்ணாடியை. 2021 அக்டோபரில் கம்பெனியின் பெயரையே மெட்டா என்று மாற்றினார். 2022-இல் மட்டும் மெட்டாவெர்ஸ் பிரிவில் 1,300 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இத்தனை காசைக் கொட்டிக் கட்டிய உலகத்தில் மனிதர்களுக்கு இடுப்புக்குக் கீழே கால் இல்லை; மிதந்தார்கள். தமிழில் அப்படி மிதப்பவற்றுக்குப் பெயர் உண்டு. புளியமரத்தில் குடியிருக்கும்.

ஈலான் மஸ்க்கின் ராக்கெட்டுகள் கடலில் வந்து இறங்கும் படகுகளின் பெயர்கள் ஐயன் எம். பாங்க்ஸின் நாவல்களில் வரும் விண்கலங்களின் பெயர்களிலிருந்து எடுத்தவை. பாங்க்ஸ் சோஷலிஸ்ட். அவர் படைத்த 'கல்ச்சர்' உலகத்தில் பணம் என்பதே இல்லை. பணம் இருப்பது வறுமையின் அடையாளம் என்று நினைக்கிற நாகரிகம் அது. உலகத்திலேயே அதிகப் பணம் வைத்திருக்கும் மனிதருக்கு அந்தப் புத்தகத்தில் பிடித்தது கப்பல் பெயர். ஓபன்ஏஐ 2024 மே மாதம் கொஞ்சிப் பேசும் குரலை வெளியிட்டபோது சாம் ஆல்ட்மன் ஒரே ஒரு சொல்லைப் பதிவிட்டார்: 'ஹர்'. அது 2013-இல் வந்த படம். கணினியின் குரலைக் காதலித்தவன் கடைசியில் ஏமாந்து நிற்கும் படம். அதில் குரல் கொடுத்த ஸ்கார்லெட் ஜோஹான்சன், கேட்டார்கள், முடியாது என்றேன், இப்போது என்னைப் போலவே ஒரு குரலோடு வந்திருக்கிறார்கள் என்று வக்கீலைப் பிடித்த பிறகு அந்தக் குரலை நிறுத்திவைத்தார்கள். வேறொரு நடிகையின் சொந்தக் குரல்தான் என்று விளக்கமும் தந்தார்கள். அப்படியானால் 'ஹர்' என்று எதற்குப் பதிவிட்டார்? ஏதோ ஞாபகத்தில் தட்டிவிட்டாராக்கும்.

நாடகம் பார்க்கப் போய், வில்லன் வீட்டு சோபா செட் நன்றாயிருக்கிறது என்று கொட்டேஷன் வாங்கி வருகிற கூட்டம் இது.

தமிழில் இந்த விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட எஞ்சினியர் ஒருவர் இருந்தார். பகலில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை. நாட்டின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு. மற்ற நேரத்தில் கதை. சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் பிள்ளை பெற அனுமதி வேண்டும், ஜீவா என்ற தலைவனைக் கேள்வி கேட்க முடியாது. அந்த உலகத்தில் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, பிறகு ஒரு முடிவுக்கு வருகிறது. நிலா என்ற சாதாரணப் பெண்ணின் பக்கம் நிற்கிறது. அரசாங்கத்தின் பக்கம் இல்லை, தன்னைச் செய்தவன் பக்கமும் இல்லை.

ஜீனோ எவ்வளவு புத்திசாலி என்பதை விட்டுத்தள்ளுங்கள். இன்றைய இயந்திரங்கள் அதைவிட நன்றாகவே பேசும். அது யார் பக்கம் நின்றது என்பதுதான் கேள்வி. என் மேசை மேல் இருக்கும் கணினி, காசு கொடுத்த என் பக்கம் நிற்கிறதா, எங்கோ ரெட்மண்டில் மைக்ரோசாஃப்ட் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் பக்கம் நிற்கிறதா? என் கையில் இருக்கும் போன் எனக்குக் காவலா, என்மேல் காவலா?

பழையன எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அப்போதும் கணினி பாதி எழுத்தில் உறைந்துபோகும். ஃப்ளாப்பியில் பூஞ்சை பிடிக்கும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ராம் வீட்டுக்கு வந்ததும் உயிரை விடும். தமிழில் தட்டச்சு செய்வது தனி நரகம். பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, அச்சகத்துக்கு ஒரு எழுத்துரு, அவரவருக்கு அவரவர் குறியீடு. ஒருவர் பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பியது இன்னொருவர் திரையில் கெட்டவார்த்தை மாதிரி தெரியும். 1999-இல் சென்னையில் மாநாடு கூட்டி டாம், டாப் என்று குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் முடிவு செய்தபிறகும் சண்டை ஓயவில்லை; யூனிகோட் வந்துதான் ஒருவழியாக அடங்கியது. ஆனால் அந்தக் களேபரம் நம் கையில் இருந்தது. முரசு அஞ்சல், இ-கலப்பை என்று ஆளுக்கொரு கருவி செய்தார்கள். ஓர் எழுத்துருவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நிரல்களை ஆர்வலர்கள் ராத்திரி உட்கார்ந்து எழுதி, காசு வாங்காமல் கொடுத்தார்கள். அதனால்தான் இருபத்தைந்து வருடப் பழைய கோப்பு இன்றும் திறக்கிறது. சந்தா நின்றால் திறக்காத இன்றைய கோப்புகளுக்கு எந்த ஆர்வலர் வந்து மாற்றி எழுதித் தருவார்? வந்தாலும், அவர் வீட்டுக்கு முதலில் வக்கீல் நோட்டீஸ் வரும்.

அந்தக் காலத்து எழுத்துச் செயலியான வேர்ட்ஸ்டார் ஓரிரு ஃப்ளாப்பியில் அடங்கியது. நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் இன்றுவரை டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டார் 4.0 வைத்துத்தான் ஆயிரக்கணக்கான பக்கங்களை எழுதுகிறார். (அவருடைய அடுத்த நாவல் முடியாமல் கிடப்பதற்கு வேர்ட்ஸ்டார் பொறுப்பல்ல.) பாஸ்கல் மொழியைப் படைத்த நிக்லாஸ் விர்த் 1995-லேயே எழுதினார்: வன்பொருள் வேகமாவதைவிட வேகமாக மென்பொருள் மந்தமாகிக்கொண்டிருக்கிறது, ஒல்லியான மென்பொருள் எழுதுங்கள் என்று. எல்லோரும் மரியாதையோடு தலையாட்டினார்கள். பேராசிரியர் 2024 புத்தாண்டன்று காலமானார். இன்று நாலு வரிக் குறிப்பு எழுதும் செயலிகூடத் தனக்குள்ளே ஒரு முழு பிரவுசரை ஒளித்துவைத்துக்கொண்டு வருகிறது.

மந்தமானால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நன்றாக ஓடும் இயந்திரத்தைச் செத்துவிட்டது என்று அறிவித்தால்? விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நாள் குறித்தார்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாமா என்றால், டிபிஎம் 2.0 என்ற சில்லு வேண்டும், பிராசசர் இன்ன தலைமுறைக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். கணினி ஓடுகிறதா என்பது கேள்வியே இல்லை. பிறகு இரக்கப்பட்டு ஒரு வருட ஆயுள் நீட்டிப்பு தந்தார்கள்: 30 டாலர் கட்டு, காசு இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் புகுந்து உன் கணினியின் அமைப்புகளை எங்கள் சர்வரில் ஒப்படை. எமன்கூட மார்க்கண்டேயனிடம் இப்படி பேரம் பேசவில்லை.

புதிய கணினி வாங்கியவர்களுக்குக் காத்திருந்த பரிசு 2024 மே மாதம் வந்தது. பெயர் ரீகால். சில வினாடிக்கு ஒருமுறை உங்கள் திரையைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளும். வங்கிக் கணக்கு, டாக்டர் ரிப்போர்ட், அழித்துவிட்ட கோபக் கடிதம் எல்லாம். எதற்கு? நீங்கள் எதையாவது மறந்துவிட்டால் நினைவூட்டுவதற்கு. முதல் வடிவத்தில் அந்தப் படங்களிலிருந்து எடுத்த எழுத்தெல்லாம் கணினிக்குள் சங்கேதக் காப்புகூட இல்லாமல் கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டிய பிறகு அலறியடித்துக்கொண்டு தள்ளிவைத்தார்கள். பூட்டெல்லாம் போட்டு மறுபடி கொண்டுவந்தார்கள். இதே பெருமக்கள்தான் பாதுகாப்புக்காக டிபிஎம் சில்லு இல்லாத கணினியைத் தூக்கியெறியச் சொன்னவர்கள்.

இதையெல்லாம் சொன்னால், வீட்டுக்குள்ளேயே பதில் தயாராக இருக்கிறது. "நீங்க ரொம்பப் பழைய ஆள், மாமா. எல்லாரும்தான் யூஸ் பண்றாங்க. நம்மகிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?" மறைக்க ஒன்றுமில்லாத மருமகப்பிள்ளையின் போனில் முகம், கைரேகை, ஆறிலக்க எண் என்று மூன்று பூட்டு. மனைவி தொட்டால் பதறுகிறான். கலிபோர்னியாக்காரன் தொட்டால் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துகிறான்.

எங்கள் இனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று தெருவில் பெயர் எடுத்த இனம். பெட்டியைப் பிரித்து, பிளாஸ்டிக் உரிக்கும் சத்தத்தை மைக்கில் பிடித்துப் போட்டு, 'வேற லெவல், ப்ரோ' என்று முடிக்கும் வீடியோக்களில் பேட்டரியை மாற்ற முடியுமா, கம்பெனி மூடினால் இது வேலை செய்யுமா என்று ஒரு கேள்வி வராது. கேமராவில் பாட்டியின் தோல் சுருக்கம் எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்று பத்து நிமிடம் வரும். வாங்குகிறவனுக்கு வக்காலத்து வாங்க வேண்டியவர்கள் விற்கிறவனுக்குக் கூஜா தூக்கினால், போலந்து ரயில் மாதிரி எதுவுமே நம் ஊரில் கண்டுபிடிக்கப்படாது. நம் ஊரில் அது இல்லை என்று பொருளில்லை.

இனி திருட்டைப் பற்றி.

1976 பிப்ரவரி 3-ஆம் தேதியிட்டு பில் கேட்ஸ் என்ற இருபது வயதுப் பையன் கணினிப் பொழுதுபோக்காளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினான். ஆல்டேர் கணினிக்காகத் தானும் நண்பர்களும் எழுதிய பேசிக் மொழியை ஆர்வலர்கள் காசு தராமல் ஆளுக்கொரு நகல் எடுக்கிறார்கள், இது திருட்டு என்று. நியாயமான கோபம் என்றே வைத்துக்கொள்வோம். உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். அந்தக் கடிதத்தின் மேல்தான் மென்பொருள் தொழிலே எழும்பியது. 48 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூனில், அதே மைக்ரோசாஃப்டின் செயற்கை அறிவுப் பிரிவுத் தலைவர் முஸ்தஃபா சுலைமான் ஒரு மேடையில் சொன்னார்: திறந்த இணையத்தில் இருப்பதெல்லாம் யாரும் எடுத்துக்கொள்ளலாம், தொண்ணூறுகளிலிருந்தே அப்படியொரு சமூக ஒப்பந்தம் இருக்கிறது. எந்தச் சமூகம்? யார் கையெழுத்துப் போட்டது? ஊரான் எழுதியதென்றால் பொதுச்சொத்து, தான் எழுதியதென்றால் உரிமம்.

இடைப்பட்ட காலத்து இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற இளைஞர் எம்ஐடி வளாகத்தின் இணைப்பிலிருந்து ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் காப்பகத்தின் லட்சக்கணக்கான கட்டுரைகளை இறக்கினார். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களில், பலவும் பொதுப்பணத்தில் எழுதப்பட்டு, பொதுமக்களுக்குப் பூட்டிவைக்கப்பட்ட கட்டுரைகள். அவர் ஒன்றையும் விற்கவில்லை. ஜேஸ்டோரே அவரோடு சமாதானமாகிப் போய்விட்டது. அமெரிக்க அரசாங்கம் விடவில்லை. 2011-இல் கைது. 13 குற்றச்சாட்டுகள். பல பத்தாண்டுச் சிறை என்ற மிரட்டல். 2013 ஜனவரி 11 அன்று தூக்கு மாட்டிக்கொண்டார். வயது 26.

பத்தாண்டு கழித்து, செயற்கை அறிவுக் கம்பெனிகள் திருட்டுப் புத்தகக் கிடங்குகளிலிருந்து லட்சக்கணக்கான முழுப் புத்தகங்களை அள்ளின. மெட்டா டாரன்டில் இறக்கியது நீதிமன்ற ஆவணங்களில் வந்தது. ஆந்த்ரோபிக் என்ற கம்பெனி 2025-இல் எழுத்தாளர்களோடு 150 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சுமார் ஐந்து லட்சம் புத்தகங்கள், ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 டாலர். யாரும் கைதாகவில்லை. யார் வீட்டுக் கதவையும் போலீஸ் தட்டவில்லை. வாசிப்பதற்காக இறக்கியவன் குற்றவாளி. விற்பதற்காக இறக்கியவன் முன்னோடி. அவன் வாயால் எதிர்காலம் பற்றிக் கேட்கப் பிரதமர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஸ்வார்ட்ஸ் செய்த தப்பு ஒன்றுதான். இறக்குவதற்கு முன் ஒரு கம்பெனியைப் பதிவு செய்துகொள்ளவில்லை.

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று பழி சொல்லக்கூடாது. மின்நூல், படம், விளையாட்டு என்று எதையாவது 'வாங்கு' என்ற பொத்தானைக் காட்டி விற்றுவிட்டுப் பிறகு பறித்துக்கொள்கிறார்களே, அதற்கு கலிபோர்னியா 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் போட்டது. 2025 புத்தாண்டு முதல் அமல். பறிப்பதை அது தடைசெய்யவில்லை. 'இது உனக்குச் சொந்தமாகாது, உரிமம் மட்டும்தான், எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்வோம்' என்பதை விற்கும்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கும் உண்டு. வாங்குகிறவர் கோப்பை நிரந்தரமாக இறக்கி, இணையம் இல்லாமலே வைத்துப் பயன்படுத்தலாம் என்றால் எந்த எச்சரிக்கையும் தேவையில்லை. ஒன்று, பொருளைக் கொடு. இல்லை, கொடுக்கவில்லை என்று சொல். விளையாட்டுகளை விற்கும் மிகப் பெரிய கடையான ஸ்டீம், சட்டம் அமலாகும்வரைகூடக் காத்திருக்கவில்லை. 2024 அக்டோபரிலேயே பணம் கட்டும் பக்கத்தில், வாங்குவது உரிமம்தான் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டது.